துவக்கு வைத்திருந்தவர்

மீன் வெட்டுபவரிடம் பதினொரு பழைய இராணுவத் துவக்கு இருக்கிறது என்பதை நான் முதலில் ஒரு பகிடியாகத்தான் கேட்டேன். 2009 ஆம் ஆண்டு முடியப்போகும் நாட்கள். பாரிசின் லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையின் பின்பகுதியில் மீன் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் ஒரு பாரையை ஆறு துண்டாகக் கேட்டுவிட்டு, வெட்டுகிறவரைப் பார்த்துச் சொன்னார்:

“அண்ணை, கடைசியிலை எங்கட சனத்திட்டை மிஞ்சின துவக்கு உங்கட வீட்டிலை கிடக்கிறது மட்டும்தான்.”

மீன் வெட்டுபவர் தலையை நிமிர்த்தவில்லை. “அதுகளும் செத்ததுகள் தம்பி. தலையும் போடவோ?”

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. போர் முடிந்த அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு கடைகளில் பகிடிகள் அப்படித்தான் சொல்லப்பட்டன. சொன்னவரும் சிரிப்பை எதிர்பார்ப்பதில்லை.

நான் அப்போது அதே தெருவில் ஒரு பயணச்சீட்டுக் கடையின் பின்மேசையில் இருந்தேன். சனத்துக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்வது, பதில் எழுதுவது, படிவம் நிரப்புவது என் வேலை. அதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் பன்னிரண்டு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். பாரிசில் வெளிவந்த ஒரு தமிழ் வார இதழுக்கு மாதம் ஒரு கட்டுரையும் எழுதிவந்தேன். துவக்குச் சேர்க்கும் மீன் வெட்டுபவர் நல்ல விடயம் என்று தோன்றியது. என் மீனை அவர் பையில் போடும்போது, வந்து பார்க்கலாமா என்று கேட்டேன்.

“பாக்கலாம். பேப்பரிலை போடேலாது,” என்றார்.

அவரது வீடு பாரிசின் புறநகரான ஒபர்வில்லியேயில், மொத்த விற்பனைக் களஞ்சியங்களுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில். ஐம்பது வயதைத் தாண்டியவர். மணவாழ்க்கை முறிந்து, மகள் தாயோடு போய்விட்டாள். பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்து நீண்ட காலம். ஞாயிறு காலை கதவைத் திறந்தபோது அவரது கையில் தேசிக்காய்ப் பாதி இருந்தது. மீன் மணம் போகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த மணத்தோடு மரத்தைத் தொட்டால் எண்ணெய் பிடிக்காதாம்.

மகள் இருந்த சிறிய அறைதான் துவக்கு அறை. மூடப்பட்ட ஒரு கடையின் தட்டுகளை வாங்கி, தானே அறுத்துத் தாங்கி அடித்திருந்தார். பதினொன்றும் நிமிர்ந்து நின்றன. எட்டு பிரெஞ்சு இராணுவத்தினுடையவை, இரண்டு பிரித்தானிய இராணுவத்தின் ‘முந்நூற்றி மூன்று’ என்ற வகை. இன்னொன்றின் விசைக்குக் கீழே ஒரு நெம்புகோல் இருந்தது. எல்லாம் இராணுவங்கள் தமக்கு வேண்டாம் என்று கழித்து விற்றவை. நவீனமானவற்றைச் சுட முடியாதபடி, குழாயில் துளையிட்டு உள்ளே இரும்பு பற்றவைத்து அடைத்திருந்தார்கள். அரச பரிசோதனைச் சாலையின் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு கோப்பில் இருந்தது. மிகப் பழையவற்றுக்குச் சட்டப்படி சான்றிதழே தேவையில்லை என்றார்.

ஏன் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பழகியவர்போல உடனே சொன்னார்:

“இதுகளிலை இலக்கம் அடிச்சிருக்கு. எங்கை செய்தது, எந்த வருசம், எந்தப் படைக்குப் போனது, ஆர் திருத்தினது, எல்லாம் இரும்பிலை கிடக்கு. தேடினாக் கண்டுபிடிக்கலாம்.”

அவர் சுடுவதைப் பற்றிப் பேசவே இல்லை. குழாயின் இலக்கமும் பூட்டின் இலக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்பதே அவரது அக்கறை. ஒன்றாக இருந்தால் “பொருந்துது” என்பார். பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு போர்முனையில் இரண்டு உடைந்த துவக்குகளிலிருந்து ஒன்றைச் செய்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்டதையும் ஒன்று வைத்திருந்தார். அதன் கட்டையில் ஒரு சிப்பாய் கத்தி நுனியால் கீறிய பதினான்கு கோடுகள் இருந்தன. நாட்களாக இருக்கலாம், ஆட்களாக இருக்கலாம், தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுத வேண்டும் என்றார். பத்திரிகையில் இருந்த எனக்கு அது பிடித்தது.

ஒவ்வொரு துவக்கின் கீழும் தபாலட்டை அளவில் ஒரு தடித்த அட்டை. முன்பக்கம் பிரெஞ்சில்: மாதிரி ஆண்டு, செய்த இடம், இலக்கம், முத்திரைகள், வாங்கிய திகதி. புறநகர் மண்டபங்களில் ஞாயிறுகளில் நடக்கும் பழைய ஆயுதச் சந்தைகளில் மற்றச் சேகரிப்பாளர்களுக்குக் காட்டுவதற்காக அந்தப் பக்கம். அங்கே வயதான பிரெஞ்சுக்காரர்கள் அவரிடம் எந்தப் படையணியில் இருந்தவர் என்று கேட்பார்களாம். “மீன் பகுதியிலை எண்டு சொல்லுவன்,” என்றார். அட்டையின் பின்பக்கம் தமிழில், தனக்காக எழுதியது. எல்லாப் பின்பக்கங்களும் ‘துவக்கு இல. 1’, ‘துவக்கு இல. 2’ என்று தொடங்கின.

கீழ் நெம்புகோல் உள்ளது ஒன்பதாம் இலக்கம். பிரித்தானிய இராணுவம் கழித்த பிறகு குழாயைக் குடைந்து, சன்னத் தோட்டா போடும்படி மாற்றி, குடியேற்ற நாடுகளுக்கு விற்ற வகை. அவர் அதைக் கையில் எடுத்துத் தரவில்லை. அட்டையை மட்டும் திருப்பிக் காட்டினார். நீல மையில் நாலு வரி. 1997 இல் வாங்கியது என்றும், அப்பாவின் துவக்கும் இந்த வகைதான் என்றும், அப்பாவுடையதன் இலக்கம் இது என்றும் எழுதியிருந்தது.

அவரது தந்தை வன்னியில் வயல் செய்தவர். பன்றிக் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருந்தார். ஆண்டுதோறும் அதைக் கச்சேரிக்கு, மாவட்ட அரச அலுவலகத்துக்கு, கொண்டுபோய்ப் புதுப்பிக்க வேண்டும். தந்தைக்கு எழுத வாசிக்கத் தெரியாததால், இலக்கத்தை எழுதுவினைஞருக்கு வாசித்துச் சொன்னவர் மகன். அதனால் தெரியும் என்றார்.

நான் என் குறிப்பேட்டில் பதினொரு அட்டைகளையும் எழுதிக்கொண்டேன். கட்டுரை வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தும், பழக்கத்தினால் எழுதினேன்.

2011 இல் அவரது தங்கை வந்து சேர்ந்தார். நாற்பது வயதுப் பெண். வன்னியிலிருந்து போரின் கடைசி நாளில் வெளியே வந்தவர்களில் ஒருவர். முகாமில் இருந்து, பிறகு ஊருக்குத் திரும்பி, பிறகு பல நாடுகளைக் கடந்து வந்திருந்தார். அண்ணன் வீட்டில் அவருக்குக் கொடுக்க இருந்த ஒரே அறை துவக்கு அறை. முதல்நாள் அவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார் என்று அண்ணன் என்னிடம் சொன்னார். கூடத்தில் பாயை விரித்துப் படுத்திருக்கிறார்.

அடுத்த முறை நான் போனபோது தாங்கிகள் மேல் ஒரு படுக்கை விரிப்பு தொங்கியது.

“உதெல்லாம் செத்த துவக்கு. துளை போட்டு அடைச்சது. சொன்னா விளங்குதில்லை,” என்றார் அண்ணன்.

“செத்ததெண்டு உங்களுக்குத் தெரியும். துவக்குக்குத் தெரியுமோ?” என்றார் தங்கை. பிறகு என்னிடம் திரும்பி, “அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. ஆராவது காசு குடுத்து உதுகளை வாங்குவினமே? அங்கை உதுகளைக் கீழை போடச் சொல்லித்தானே முழுச் சனமும் செத்தது,” என்றார். குரலில் கோபம் இல்லை. தேநீரை எனக்கு முன்னால் வைத்துக்கொண்டே சொன்னார்.

அவரது அகதி விண்ணப்பம் அடுத்த ஆண்டு மறுக்கப்பட்டது. மறுப்புக் கடிதத்தை அண்ணன்தான் என் மேசைக்குக் கொண்டுவந்தார். நாலு பக்கம். நேர்காணலின் எழுத்துப் பிரதியும் சேர்ந்திருந்தது. நான் முதலில் மறுப்பையும் பிறகு பிரதியையும் வாசித்தேன். விண்ணப்பதாரியின் தந்தை ஆயுத அமைப்பைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் என்றும், அதை விண்ணப்பதாரி தனது எழுத்து மூல விண்ணப்பத்தில் மறைத்திருக்கிறார் என்றும், ஆகவே அவரது கூற்றுகள் நம்பத்தக்கவை அல்ல என்றும் மறுப்பில் இருந்தது.

“உங்கட அப்பா எதையாவது துடங்கினவரோ?” என்று அவரிடம் கேட்டேன்.

“அப்பா கூட்டுறவுச் சங்கக் கடையிலை கூட உறுப்பினர் இல்லை,” என்றார்.

அன்று மாலை தங்கையைக் கடைக்கு அழைத்துவரச் சொன்னேன். நேர்காணலில் சொன்ன சொற்களை மாற்றாமல், சொன்னபடியே சொல்லும்படி கேட்டேன். அவருக்கு நல்ல நினைவு.

“அப்பா துவக்கு வச்சிருந்தவர், அதாலைதான் ரெண்டு பக்கமும் வந்து கேட்டவை எண்டு சொன்னனான்.”

“அதுக்கு மொழிபெயர்த்தவர் என்ன கேட்டவர்?”

“எப்ப துவக்கினாரெண்டு கேட்ட மாதிரி இருந்தது. அவர் பாண்டிச்சேரித் தமிழ். எப்ப துவக்கு எண்டுதான் கேக்கிறார் எண்டு நினைச்சன். எண்பத்தி மூண்டுக்கு முதலே வச்சிருந்தவர், பிறகும் வச்சிருந்தவர் எண்டன்.”

பிரெஞ்சுப் பிரதியில் அந்த இடத்தை எடுத்துத் தமிழாக்கிப் பார்த்தேன். ‘என் தந்தை அதைத் துவக்கி வைத்தவர். அதனால் இரு தரப்பும் எங்களிடம் வந்தன.’ ‘எப்போது துவக்கினார்?’ ‘1983 அளவில்.’

மொழிபெயர்த்தவரில் பிழை சொல்வது எளிது. அவரது தமிழில் துவக்கு என்றால் தொடங்கு என்பதுதான். சுடுவதற்கு அவரிடம் துப்பாக்கி என்ற சொல் இருந்தது. எங்களுக்கும் அது இருந்தது, ஆனால் அச்சில் மட்டும். நாளிதழில் செய்தியாளர்கள் ‘துவக்கு’ என்று எழுதித் தருவார்கள். நான் அதை வெட்டித் ‘துப்பாக்கி’ என்று திருத்துவேன். பன்னிரண்டு ஆண்டுகள் நாளும் செய்த திருத்தம். ஒரு பெண் அந்நிய அலுவலகத்தில் உட்கார்ந்து தன் வீட்டுச் சொல்லில் பேசியபோது, அதைத் திருத்த அங்கே ஆள் இருக்கவில்லை.

தங்கையின் வழக்கின் உள்ளடக்கம் எளிமையானது. தந்தையின் துவக்கை எண்பதுகளில் இயக்கம் வந்து கேட்டு வாங்கிப்போனது. பெற்றுக்கொண்டோம் என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தது. போர் முடிந்தபிறகு இராணுவம் பழைய அனுமதிப்பத்திரப் பதிவேட்டோடு வந்தது. இந்த வீட்டின் பெயரில் ஒரு துவக்கு இருக்கிறது, அது எங்கே என்று கேட்டது. தந்தை கொடுத்துவிட்டேன் என்றார். யாரிடம் என்று கேட்டார்கள். விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். அவர் திரும்பவில்லை. பிறகு மகளைத் தேடி இரண்டு முறை வந்தார்கள். அந்தத் துண்டு இப்போது எங்கே என்று நான் கேட்டேன்.

“இராணுவத்தின்ர பக்கம் வரமுதல் கிழிச்சுப் போட்டன். எல்லாரும் கிழிச்சவை. வழி முழுக்கக் கடதாசி.”

மேன்முறையீட்டுக்கு ஒரு பெண் வழக்கறிஞரை ஏற்பாடு செய்தோம். நான் ‘துவக்கு’ என்ற சொல்லைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன். அகராதிப் பக்கங்களின் பிரதிகளையும், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அந்தச் சொல் புழங்கும் விதத்தையும் சேர்த்தேன். என் வாழ்நாளில் எழுதிய கட்டுரைகளில் அதைத்தான் மிகக் கவனமாக எழுதினேன் என்று நினைக்கிறேன். வழக்கறிஞர் அதைப் படித்து, பிழை தெளிவாகத் தெரிகிறது என்றார். விண்ணப்பதாரி யாரோடு வசிக்கிறார், அண்ணன் என்ன செய்கிறார் என்றும் கேட்டார். மீன் வெட்டுகிறார் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான் அந்த உரையாடல்.

ஆனால் அண்ணன் அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துப்போனார். விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கையில் என்னை அழைத்தார். நான் ஒபர்வில்லியேக்குப் போனேன். சமையலறை மேசையில் மூவரும் இருந்தோம்.

“தகப்பன் ஆயுதக் குழு தொடங்கினவர் எண்டு அவங்கட பேப்பரிலை கிடக்கு. இஞ்சை தமையன் வீட்டிலை பதினொரு துவக்கு. ஆராவது ஒருத்தன் வந்து பாத்தானெண்டால்?” என்றார் அவர்.

“தேவையானதுக்கெல்லாம் சான்றிதழ் இருக்கே,” என்றேன்.

“சான்றிதழை ஆர் வாசிக்கப் போறான். துவக்கைத்தானே பாப்பான்.”

தங்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. வழக்கறிஞரிடம் கேட்போம் என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் அனுபவத்தில், ஒன்றைப் பற்றிக் கேட்டாலே அது இருப்பதாக ஒப்புக்கொண்டது போலாகிவிடும். நான் யோசித்துப் பார்த்துவிட்டு, அவர் சொல்வது சரி என்றேன். அதை நான்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் மாற்றிச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்.

விற்பதற்கு நேரம் இல்லை. வேறு சேகரிப்பாளரிடம் கொடுத்தால் அவை அவர் பெயரோடு இன்னும் எங்கோ கிடக்கும். பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்து, அழிப்பதற்காக ஒப்படைக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேர் வாகனத்தோடு வந்தார்கள். நானும் இருந்தேன். தங்கையைக் கோயிலுக்குப் போகச் சொல்லியிருந்தோம். பொலிஸ்காரரில் மூத்தவருக்குத் துவக்குகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்போல. ஒன்றைக் கையில் எடுத்து, குழாயையும் பூட்டையும் பார்த்து, இலக்கம் ஒன்றுதான், இதை உருக்கப்போவது பாவம், ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

“இடம் இல்லை,” என்றார் அண்ணன் பிரெஞ்சில்.

ஒரு தாளில் பட்டியல் எழுதி, பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். நாலு மாடியும் மின்தூக்கி இல்லாமல் கம்பளத் துணியில் சுற்றிக் கீழே கொண்டுபோனார்கள். இருபது ஆண்டு சேர்த்தது, நாற்பது நிமிடத்தில் இறங்கியது. அவர் வாசலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்பதாவது போனபோது மட்டும் உள்ளே பார்த்தார்.

அட்டைகள் மிஞ்சின. நான்தான் அவற்றையும் விடக்கூடாது என்றேன். ஒவ்வொன்றிலும் ‘துவக்கு’ என்று தமிழில் பெரிதாக எழுதியிருந்தது. அந்தச் சொல்லால்தான் வழக்கே இப்படி ஆனது. அது அந்த வீட்டில் எழுத்தில் இருக்கவே கூடாது என்று எனக்குப் பட்டது.

மேசை முன் உட்கார்ந்து கிழிக்கத் தொடங்கினோம். தடித்த அட்டை, குறுக்கே கிழிப்பது கடினமாக இருந்தது. தங்கை கோயிலிலிருந்து வந்து, சந்தனம் காயாத நெற்றியோடு எங்களைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“இப்பிடி இல்லை அண்ணை. உப்பிடிக் கிழிச்சால் சேர்த்து வாசிப்பாங்கள். வரியோட போகோணும். எழுத்து மேலையும் கீழையுமாப் பிரியிற மாதிரி.”

அவர் வரியோடு கிழித்தார். நூல் நூலாக வந்தது. பிறகு நூல்களைக் குறுக்கே கிழித்தார். எதையும் வாசிக்கவில்லை. பதினொரு அட்டையும் அரிசி அளவுக்கு வந்தபோது ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தார். நீல மை கரைந்து தண்ணீர் வெளிர்ந்த நீலமானது. அவர் இதை முன்பும் செய்திருக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

விசாரணை ஒரு புறநகர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. நடுவில் ஒரு நீதிபதி, இரு பக்கமும் ஒவ்வொருவர். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்மணி. பின்வரிசையில் அண்ணனும் நானும் இருந்தோம்.

சொல் பற்றிய பகுதி எதிர்பார்த்ததைவிட விரைவாக முடிந்தது. நீதிபதி என் குறிப்பைப் படித்திருந்தார். மொழிபெயர்ப்பாளரிடம் அந்தச் சொல்லைச் சொல்லும்படி கேட்டு, தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிழை நடந்திருக்கிறது என்பதை நீதிமன்றம் கவனத்தில் எடுக்கும் என்றார். அண்ணன் என் முழங்கையைத் தொட்டார். நாங்கள் வென்றுவிட்டோம் என்று அந்த நிமிடம் இருவரும் நினைத்தோம்.

பிறகு நீதிபதி அடுத்ததைக் கேட்டார். ஆகவே உங்கள் தந்தை ஒரு விவசாயி. அவரிடம் அனுமதி பெற்ற ஒரு துப்பாக்கி இருந்தது. அது ஒரு பதிவேட்டில் இருந்ததால்தான் உங்கள் குடும்பம் தேடப்பட்டது என்கிறீர்கள். அந்தத் துப்பாக்கி இருந்தது என்பதற்கு ஏதாவது எழுத்து இருக்கிறதா?

“ஒரு துண்டு இருந்தது. கிழிச்சுப் போட்டன்.”

ஏன் கிழித்தீர்கள்?

“வைச்சிருந்திருந்தால் நான் இஞ்சை இருக்க மாட்டன்.”

நீதிபதி தலையசைத்தார். அவர் கடுமையானவர் அல்லர். பொறுமையாகவே தொடர்ந்தார். அந்தத் துண்டு இல்லாவிட்டால் வேறு ஏதாவது? வெளிநாட்டில் உள்ள உறவினர்களிடம்? இந்த விண்ணப்பத்துக்கு முன்பு எழுதப்பட்ட ஒரு கடிதம், ஒரு குறிப்பு, அந்தத் துப்பாக்கியைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் போதும்.

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் அதைப் பிரெஞ்சிலேயே விளங்கிக்கொண்டார். நானும் விளங்கிக்கொண்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முன்னால் தங்கை திரும்பி அண்ணனைப் பார்த்தார், உறவினர் என்ற சொல்லுக்காகத்தான் பார்த்தார். அவருக்கு அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. அண்ணன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை மறுபடியும் முன்னால் திரும்பி, “ஒண்டும் இல்லை ஐயா,” என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் அண்ணன் சுவரோடு சாய்ந்து நின்றார்.

“ஒன்பதாவது அட்டை,” என்றார்.

நான் ஓம் என்றேன்.

“அதிலை ரெண்டு பக்கமும் இருந்தது. பிரெஞ்சிலை துவக்கெண்டும், தமிழிலை துவக்கெண்டும். அப்பாவின்ர இலக்கமும். தொண்ணூற்றேழாம் ஆண்டுத் திகதியும்.”

வழக்கறிஞரிடம் அன்றே சொன்னோம். அவர் கோப்பை மூடி வைத்துவிட்டு, ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்டார். சட்டப்படி வைத்திருந்த பழைய துப்பாக்கிகள் வழக்கைக் கெடுத்திருக்காது என்றார். அந்த அட்டையை அவரே நீதிபதியின் முன் வைத்திருப்பார் என்றும் சொன்னார். நடந்ததை விளக்கி நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தார். கிழித்துவிட்டோம் என்று சொல்லப்படும் அட்டை, இல்லாத அட்டைதான்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. அதை அவர்களுக்கு வாசித்துச் சொன்னதும் நான்தான். முதல் நேர்காணலில் மொழிபெயர்ப்புத் தவறு நிகழ்ந்தது ஏற்கப்படுகிறது. விண்ணப்பதாரியின் தந்தை எந்த அமைப்பையும் தோற்றுவித்தவர் அல்லர் என்பதும் ஏற்கப்படுகிறது. ஆனால் பதிவு பெற்ற ஆயுதம் ஒன்று இருந்தது என்பது நிறுவப்படவில்லை. ஒரு சாதாரண விவசாயியின் மகளுக்கு, போர் முடிந்த நாட்டில் தனிப்பட்ட ஆபத்து இருப்பதாகவும் நிறுவப்படவில்லை. மேன்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது.

தங்கை கடைசி வரி வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

“அண்ணை, அந்தப் பிழையை அப்பிடியே விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?”

தெரியாது என்றேன். உண்மையும் அதுதான்.

“அப்பா ஏதோ பெரிய ஆளெண்டு அவங்கட பேப்பரிலையாவது இருந்திருக்கும்,” என்றார். சிரிக்க முயன்றார் என்று நினைக்கிறேன்.

முப்பது நாளில் நாட்டைவிட்டு வெளியேறும்படி கடிதம் வந்தது. அண்ணன் வீட்டு முகவரி கோப்பில் இருந்ததால், தங்கை அங்கே இருக்கப் பயந்தார். இன்னொரு புறநகரான சார்செலில் ஒரு குடும்பத்தின் கூடத்தில் மற்ற இரண்டு பெண்களோடு இடம் எடுத்தார். ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். ரயிலில் சீட்டுப் பரிசோதகர்களோடு பொலிஸ் நிற்கும் நாட்களில் வேலைக்குப் போகமாட்டார். சில ஞாயிறுகளில் கடைக்கு வந்து மீன் வாங்குவார். அண்ணன் அவருக்கு எப்போதும் நடுத்துண்டாக வெட்டிக் கொடுப்பார். இருவரும் வாடிக்கையாளரும் கடைக்காரருமாகவே பேசிக்கொள்வார்கள்.

துவக்கு அறை காலியாக இருக்கிறது. தாங்கிகளைக் கழற்றியபின் சுவரில் திருகாணித் துளைகள் மட்டும். தங்கை இப்போது அந்த அறையில் படுக்கலாம். ஆனால் இப்போது வந்து படுக்க முடியாது.

அடுத்த ஆண்டு வழக்கறிஞர் ஒரு வழி சொன்னார். புதிய சான்று கிடைத்தால் மீள்பரிசீலனை கேட்கலாம். துவக்கின் இலக்கம் சரியாகத் தெரிந்தால், ஊரில் ஒரு வழக்கறிஞர் மூலம் கச்சேரிப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். பெயரை மட்டும் வைத்து ஏற்கெனவே கேட்டுப் பார்த்ததற்கு, அப்படி ஒரு பதிவு கிடைக்கவில்லை என்று பதில் வந்திருந்தது.

அண்ணன் ஒரு புதிய அட்டையோடு என் மேசைக்கு வந்தார். அதே நீல மை. இலக்கத்தின் முதல் மூன்று எண்களை எழுதியிருந்தார். கடைசி இரண்டின் இடத்தில் 47 என்றும், அதற்குக் கீழே 74 என்றும், பிறகு வேறு எண்களும் எழுதி, எல்லாவற்றையும் அடித்திருந்தார்.

“சின்னனிலை இருந்து பாடம். அட்டையிலை எழுதி வைச்சாப் பிறகு நினைவிலை வைச்சிருக்கத் தேவையில்லாமல் போட்டுது,” என்றார். “நீங்கள் அண்டைக்குக் கொப்பியிலை எழுதினனீங்கள்தானே. பதினொண்டையும் எழுதினனீங்கள்.”

குறிப்பேடு வீட்டில் இருந்தது. அதுவரை அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அவரைக் கடையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நடந்து போனேன். பதினைந்து நிமிட நடை. போகும் வழியில் எனக்கு நம்பிக்கை இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் எண்களைச் சரிபார்த்தவன், ஒரு இலக்கத்தைக் கண்டால் எழுதாமல் விடமாட்டேன் என்று எண்ணினேன்.

குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வழியில் திறக்கவில்லை. அவருக்கு முன்னால், மேசையில் வைத்துத் திறந்தேன். பதினொரு பதிவுகளும் இருந்தன. மாதிரி ஆண்டு, செய்த இடம், இலக்கம், முத்திரை. எல்லாம் முன்பக்கங்கள். கட்டையில் கீறிய பதினான்கு கோடுகளைக்கூட எழுதியிருந்தேன். ஒன்பதாவதற்கு விரலை வைத்து வாசித்தேன்.

கீழ் நெம்புகோல். பிரித்தானிய இராணுவம் கழித்தது. குழாய் மாற்றப்பட்டது. அந்தத் துவக்கின் சொந்த இலக்கம், ஐந்து எண்கள், தெளிவாக. அதன் கீழே, செய்திக்குத் தேவையில்லாதது என்று நான் முடிவுசெய்த இடத்தில், என் கையெழுத்தில் ஒரே ஒரு வரி:

பின்பக்கம்: சொந்தக் குறிப்பு.

அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு தன் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“பறவாயில்லை,” என்றார். “மீன் லொறி வாற நேரம்.”